உதகையில் பழைய ஸ்கீ சாமான்கள் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளக் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஔலிக்கும் போகிறவர்கள் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களை நம்பி, வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த ஸ்கீ (சறுக்குப் பலகை), பூட், ஹெல்மெட் ஆகியவற்றை உதகையில் ஒரு கடை விற்கிறது. சென்ற குளிர்காலத்தில் என் தங்கைக்கும் எனக்குமாக 38,000 ரூபாய் கொடுத்து அங்கே வாங்கினோம். தங்கை முழங்காலில் லிகமென்ட் கிழிந்து இன்னமும் பிசியோதெரபிக்குப் போய்வருகிறாள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அதே சரக்கு இன்னும் அங்கே அடுக்கில் இருப்பதால், நடந்ததை விவரமாகச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் பூட். "இறுக்கமா இருந்தா குளிர்ல கால் மரத்துப்போயிடும் சார், ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்கங்க, ரெண்டு சாக்ஸ் போட்டாச் சரியாயிடும்" என்றார் கடைக்காரர். தங்கைக்கு "உங்களுக்கும் அப்படித்தாம்மா" என்று அதையே கட்டிவிட்டார். கடைக்குள் நின்று பார்க்கையில் அது சொகுசாகத்தான் இருந்தது. சறுக்குச் சரிவில் முழங்காலை மடக்கியதும் குதிகால் உள்ளே மேலெழும்புகிறது. அதை அடக்கப் பக்கிளை இன்னும் இறுக்க வேண்டியிருக்கிறது. இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, எந்த மரத்துப்போதலுக்குப் பயந்து பெரிய அளவு வாங்கினோமோ அதுவே வந்து சேர்கிறது. ஸ்கீ பூட்டின் அளவு, குதிகாலிலிருந்து விரல்நுனி வரை பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது. நம் ஊர்ச் செருப்புக் கடை எண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாதத்தை அளந்து, உள்ளிருக்கும் மெத்தை உறையான லைனரைக் கழற்றி, ஷெல் எனப்படும் வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்சுவரைத் தொடும்படி நிற்கையில் குதிகாலுக்குப் பின்னே ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான முறை. லைனரோடு போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி லேசாகத் தட்டவேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் அந்தத் தட்டல் விலகவேண்டும். மெல்லிய சாக்ஸ் ஒரு ஜோடியே போதும்.

பூட்டில் நடந்தது அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். பைண்டிங் விஷயத்தில் நடந்ததை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கும் இந்தப் பொறி, விழும்போது குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் பூட்டை விடுவித்துவிட வேண்டும். எந்த விசையில் விடுவிக்கும் என்பதை முன்பகுதியிலும் பின்பகுதியிலும் உள்ள சின்ன ஜன்னலில் தெரியும் எண் காட்டும். அந்த எண்ணை முடிவுசெய்ய எடை, உயரம், வயது, பூட்டின் அடிப்பாக நீளம், சறுக்கும் பழக்கம் ஆகிய ஐந்தும் வேண்டும், இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரமும் அட்டவணையும் உண்டு. எங்கள் பில்லில் "பைண்டிங் செட்டிங் 1,500" என்று தனி வரியே இருக்கிறது. ஆனால் கடைக்காரர் எங்கள் இருவரிடமும் எடையையோ உயரத்தையோ வயதையோ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், சற்று நேரத்தில் "எல்லாம் பக்காவா இருக்கு" என்று திரும்பி வந்தார்.

குல்மார்க்கில், ஆரம்ப நிலையினருக்கான தணிந்த சரிவில், தங்கை மிக மெதுவாகத்தான் சறுக்கினாள். ஸ்கீயின் முனை மெத்துப் பனியில் சிக்கி உடல் ஒரு பக்கம் திரும்பியது, ஸ்கீ கழலவில்லை, முழங்கால்தான் திரும்பியது. அங்கிருந்த வாடகைக் கடைத் தொழில்நுட்பர் பிறகு பார்த்துவிட்டு, ஜன்னலில் 8 என்று இருப்பதைக் காட்டினார். அவளுடைய எடைக்கும் உயரத்துக்கும், புதிதாகக் கற்பவர் என்பதற்கும், அட்டவணைப்படி மூன்றை ஒட்டித்தான் வரவேண்டுமாம். அதாவது பழைய சொந்தக்காரர் வைத்திருந்த எண் அப்படியே இருந்திருக்கிறது. பின்பகுதியும் நீளமான வேறொரு பூட்டுக்கு வைத்த இடத்திலேயே நின்றது. ஒன்று சொல்லவேண்டும்: பைண்டிங் சரியாக இருந்தாலும் முழங்காலுக்கு அது முழுக் காப்பு அல்ல, கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதே அதன் முதல் வேலை என்று மருத்துவர் விளக்கினார். அதற்காக, செய்யாத வேலைக்கு வாங்கிய 1,500 ரூபாய் நியாயமாகிவிடாது.

என் பூட்டின் கதை வேறு. பழைய பாலியூரிதேன் பிளாஸ்டிக், அணியாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போக ஈரத்தில் நைந்துவிடும். குளிரில் நடந்துகொண்டிருக்கும்போதே குதிகால் பக்கம் ரஸ்க் போல உதிர்ந்தது. மேலே பளபளவென்று மெருகு ஏற்றியிருந்ததால் கடையில் எதுவும் தெரியவில்லை. தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கும் குல்மார்க்கின் உயரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றாலும், இங்கே நமக்கு வாய்ப்பது புல்மேல் படியும் உறைபனி மட்டுமே. வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்கச் சரிவு கிடையாது. குறை தெரியவரும்போது நாம் காஷ்மீரில் இருப்போம் என்பது விற்பவருக்கு வசதி. ஹெல்மெட்டில் இ.என். 1077 என்ற பனிச்சறுக்குத் தர முத்திரை இல்லை. அது சைக்கிள் ஹெல்மெட்.

திரும்பி வந்து கேட்டபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் இருந்ததைக் காட்டினார்கள். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உதவி எண் 1915இல் பதிவுசெய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும்.

அந்தக் கடையில் ஏற்கனவே வாங்கியிருப்பவர்கள், பைண்டிங் ஜன்னலில் உள்ள எண்ணையும், பூட்டின் குதிகால் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் அடிப்பாக நீளத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். குல்மார்க்கில் இறங்கியதும், சரிவுக்குப் போகும் முன்பே, உங்கள் எடையைக் கேட்கும் ஒருவரிடம் அந்தப் பைண்டிங்கைக் காட்டுங்கள்.