சோக்கா, ரெசிஸ்டரா, மாஸ்ஃபெட்டா? வால்வு ஆம்ப்பின் ஹம்மை அடக்கும் வழிகள்

தெரு அடங்கிய பிறகுதான் ஒரு வால்வு ஆம்ப்பின், அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரின், உண்மையான குணம் தெரியும். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால் மெல்லிய ‘ம்ம்ம்’. இதுதான் ஹம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையரைத் தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளாக, அதாவது ஏற்ற இறக்கமாக, டிசி மேல் ஏறிக்கொள்கிறது.

சேனலுக்கு ஒரே ஒரு இஎல்84 வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஸ்டீரியோ ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு வால்வு 250 வோல்ட்டில் ஆனோடுக்கு (வெளியீட்டு மின்முனை) 48, ஸ்க்ரீனுக்கு (அதற்கு முன்னுள்ள வலை மின்முனை) 5.5 மில்லிஆம்ப் இழுக்கும். இரண்டு வால்வுக்கும் முன்நிலைக்கும் சேர்த்து மொத்தம் 110 மில்லிஆம்ப் என்று வைப்போம். இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் என்றால் ஆனோடு ரிப்பிளில் பெரும்பகுதி அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே கழிந்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

முதல் கெபாசிட்டர் 47 மைக்ரோஃபாரட் என்றால் அதன் மேல் 20 வோல்ட் அளவுக்கு ரிப்பிள் நிற்கும். அடுத்து 220 ஓம் ரெசிஸ்டரும் இன்னொரு 47-ம் போட்டால் அது 3 வோல்ட் சொச்சமாகும். அதற்கு நாம் இழப்பது 24 வோல்ட். இரண்டரை வாட்டுக்கு மேல் சூடு. ரெசிஸ்டரைக் கூட்டினால் ரிப்பிளோடு வோல்ட்டேஜும் போய்விடும்.

அதே இடத்தில் 10 ஹென்றி சோக், அதாவது இரும்புக் கருவில் சுற்றிய கம்பிச்சுருள், வையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்கு அது 6,280 ஓம். டிசிக்கோ வெறும் கம்பித் தடை, சுமார் 120 ஓம். ரிப்பிள் 0.1 வோல்ட்டை ஒட்டி இறங்கும், இழப்பு 13 வோல்ட்தான். கனமும் விலையும் அதிகம் என்றாலும் என் ஓட்டு இதற்கே. ஆனால் வைக்கும் இடம் முக்கியம். நான் சோக்கைத் திருகி இறுக்குவதற்கு முன் அதில் மின்சாரம் ஓடவிட்டு, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும். அங்கேதான் துளை போடுவேன்.

சோக்கையே முதலில் வைக்கும் முறையும் உண்டு. லோடு ஏறி இறங்கினாலும் வோல்ட்டேஜ் அசையாது. ஒலி கூடும்போது கரண்டும் கூடும் வகுப்பு ஏபி ஆம்ப்புக்கு அருமை. ஆனால் கிடைப்பது ஏசியில் 0.9 பங்குதான், 288 வோல்ட் வேண்டுமென்றால் 320 வோல்ட் சுற்று வேண்டும். சிலிக்கான் டயோடு ரெக்டிஃபையர் போட்டிருந்தால், வால்வு சூடாகும் முன் அது 450 வரை ஏறும். 350 வோல்ட் கெபாசிட்டர் தாங்காது. எப்போதும் ஒரே அளவு கரண்ட் இழுக்கும் நம் இஎல்84-க்கு இது தேவையில்லை.

மாஸ்ஃபெட் என்ற ட்ரான்சிஸ்டரை வைத்து, சிறு கெபாசிட்டரைப் பெரியதுபோல் வேலை செய்ய வைக்கும் கெபாசிட்டர் மல்டிப்ளையர் மலிவு, இலேசு. ரிப்பிளை அடக்குவதில் சோக்கோடு போட்டி போடும். 20 வோல்ட்டும் ஒரு ஹீட்சிங்கும் கேட்கும். மாஸ்ஃபெட்டின் கேட், சோர்ஸ் கால்களுக்கு இடையே வோல்ட்டேஜ் எல்லை மீறாமல் காக்கும் ஜீனர் டயோடு போட மறந்தால் ஒரு நொடி அதிர்ச்சியிலேயே ஷார்ட் ஆகிவிடும்.

ஏற்கெனவே ரெசிஸ்டரோடு கட்டிவிட்டவர்கள் எதையும் பிரிக்க வேண்டாம். இஎல்84 போன்ற பென்டோடில் (ஐந்து மின்முனை வால்வு) ஹம்முக்குப் பெரிய வழி ஆனோடு அல்ல, ஸ்க்ரீன். இரு ஸ்க்ரீன்களும் சேர்ந்து இழுப்பது 11 மில்லிஆம்ப்தான். அவற்றுக்கு மட்டும் தனியாக 1 கிலோஓம், 47 மைக்ரோஃபாரட் சேர்த்தால் 11 வோல்ட் இழப்பில் ஸ்க்ரீன் ரிப்பிள் 0.1 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். ஸ்க்ரீனை ஆனோடோடு சேர்த்து ட்ரையோடாக இணைத்திருந்தால் மட்டும் இந்த வழி உதவாது; அங்கே ஆனோடையே சுத்தப்படுத்த வேண்டும், அதற்குச் சோக்தான்.