மாட்டுங்கா இலைச் சாப்பாடும் தோபி தலாவ் ஈரானித் தேநீரும்

ஊரிலிருந்து மும்பைக்கு வரும் உறவினரை எங்கே சாப்பிட அழைத்துச் செல்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம், என் மனம் இரண்டு இடங்களுக்கு இடையே ஊசலாடுகிறது. ஒன்று, மாட்டுங்கா ரயில் நிலையத்தை அடுத்து 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். மற்றொன்று, தென் மும்பையின் தோபி தலாவ் பகுதியில் 1904 முதல் இயங்கிவரும் ஈரானித் தேநீர்க் கடையான கயானி அண்டு கோ.

முன்னதில் வாழையிலை, சோறு, ரசம், மோர் என எல்லாமே நமக்குப் பழகியவை; ஆயினும் உடுப்பி முறைச் சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு இழையோடுவதால், திருநெல்வேலி நாக்கு முதல் கவளத்திலேயே சற்றுத் தயங்கும். வயதானவர்களுக்கும் சைவ உணவினருக்கும் இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

கயானியின் கதை வேறு. ஈரானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஜரதுஷ்டிர சமயத்தவர் வளர்த்த இத்தகைய கடைகளில், வெண்ணெய் தடவிய பன் மஸ்காவைக் கெட்டியான தேநீரில் தோய்த்து உண்பதும், கொத்துக்கறியைப் பாவ் என்னும் ரொட்டியுடன் சேர்த்து உண்பதும், மசாலா கலந்து கிளறிய அகூரி என்னும் முட்டையைச் சுவைப்பதும் நம் ஊரில் எளிதில் வாய்க்காத அனுபவங்கள். வயிறு நிறைய உண்ண இது ஏற்றதன்று. காலைச் சிற்றுண்டிக்கே உரியது.

ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால், விருந்தினரை நான் கயானிக்கே அழைத்துச் செல்வேன்.