சுங்கை சிப்புட்டில் அம்மாவின் மாத்திரைப் பை

கோயில் மண்டபத்தில் மேசை போட்டு வயதான பெண்களுக்கு ‘எலும்புப் பாதுகாப்பு’ விற்பவர்களுக்கு நம் ஊரார் இன்னும் எத்தனை நாள் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்? இந்த முறை மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் போய்வந்ததில் எனக்கு ஆறாமல் நிற்பது இதுதான்.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அம்மாவுக்கு எலும்பு பற்றிய பயம். அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டே விற்பனைக்காரர்கள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 19, அதாவது கூடுதல் என்று சீட்டு வந்தது. “எலும்பு உளுத்துக்கொண்டிருக்கிறது அக்கா” என்று சொல்லி, 480 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பெட்டி மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த கை எண்ணிக் கொடுத்த பணம் அது.

விற்றவர் சொன்னது முழுப்பொய்யும் அல்ல. ஹோமோசிஸ்டீன் கூடுதலாக உள்ள முதியவர்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்று நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வுகள் 2004இல் காட்டின. ஆனால் பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய வைட்டமின்களைக் கொடுத்து அதைக் குறைத்தால் முறிவும் குறையுமா? நெதர்லாந்தில் ஏறத்தாழ 3,000 முதியவர்களிடம் நடந்த பி-ப்ரூஃப் ஆய்வின் முடிவு 2014இல் வந்தது: ஒட்டுமொத்தத்தில் குறையவில்லை. மண்டபத்தில் இதை யார் சொல்வார்கள்?

பெட்டியையும் அம்மாவின் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். இருட்டோடு போய் நம்பர் எடுப்பது, சர்க்கரைப் புத்தகத்தை அடுக்கில் வைப்பது, மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பது எதுவும் மாறவில்லை. மெல்பர்னில் நேரம் குறித்துப் போய்ப் பழகிய எனக்கு, பத்து மணிக்கெல்லாம் பொறுமை போய்விட்டது.

மருந்துக் கவுண்டரில் இருந்த இளம்பெண் அந்தக் கோபத்தை எல்லாம் துடைத்துவிட்டார். பையை அப்படியே மேசையில் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையாகப் பிரித்து வைத்தார். “இந்தச் சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின், எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள் அம்மா? கறி, மீன் உண்டா?” என்று கேட்டார். அப்பா போனதிலிருந்து அம்மா சைவம். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 உடலில் சேர்வது குறையும். சைவச் சாப்பாட்டில் கிடைப்பதும் சொற்பம். பி12 இறங்கினால் ஹோமோசிஸ்டீன் ஏறும். பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை அள்ளிக் கொடுத்தால் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்பு கெடுவது மட்டும் நிற்காது என்றார். பெட்டியில் இருந்த பி6 200 மில்லிகிராம்! ஆஸ்திரேலியாவில் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே நரம்புப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையை மேலே அச்சிட்டாக வேண்டும். பாதம் எரிகிறது என்று அம்மா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணே எழுந்து உள்ளே போய் மருத்துவரிடம் பேசினார். பி12 பரிசோதனைக்குச் சீட்டு வந்தது. அறுபதைக் கடந்தவர் என்பதால் கட்டணமும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே வந்து, வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுவரை விசாரிக்கும் பழைய தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) நினைவுக்கு வந்தார். மெல்பர்னில் இத்தனை வருஷத்தில் என் மருந்துகளை ஒருவரும் இப்படிப் பரப்பி வைத்துப் பார்த்ததில்லை.

பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு ஈப்போவுக்குப் போக வேண்டும். தேதி கிடைக்க மாதக்கணக்காகும் என்கிறார்கள். அந்த 480 வெள்ளியைத் திருப்பிக் கேட்டு அண்ணன் அலைந்துகொண்டிருக்கிறார். பெட்டியைத் திறந்துவிட்டோமாம், திரும்ப வாங்க மாட்டார்களாம்.