ஜிங்க் சல்பேட்: கோதுமைக்கு நல்ல உரம்தான், டிஏபியோடு மட்டும் கலக்காதீர்கள்

துத்தநாகச் சத்து (ஜிங்க்) தரும் இந்த உரம் கடையில் இரண்டு வகையாகக் கிடைக்கிறது: நீர் அதிகம் சேர்ந்த ஹெப்டாஹைட்ரேட், நீர் குறைந்த மோனோஹைட்ரேட். ஹெப்டாஹைட்ரேட்டில் துத்தநாகம் 21 சதவீதம், மோனோஹைட்ரேட்டில் 33 சதவீதம். எக்டேருக்கு முதலாவதில் 25 கிலோ போடுவதும் இரண்டாவதில் 16 கிலோ போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் சுமார் 5.25 கிலோ துத்தநாகம் மண்ணுக்குப் போகும். எனவே மூட்டை விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ துத்தநாகம் என்ன விலைக்கு வருகிறது என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். மோனோஹைட்ரேட் ஈரத்தில் அவ்வளவாகக் கட்டிப் போகாது என்பது கூடுதல் வசதி.

"போட்டும் பலன் இல்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் உரம் காரணமல்ல, போட்ட விதம்தான் காரணம். டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தில் 46 சதவீதம் மணிச்சத்து, அதாவது பாஸ்பேட் இருக்கிறது. அதையும் ஜிங்க் சல்பேட்டையும் ஒன்றாகக் கலந்தால் எளிதில் கரையாத துத்தநாக பாஸ்பேட் உண்டாகி, வேருக்கு எட்டாமல் போய்விடும். தனித்தனியாகப் போட்டாலும் மணிச்சத்து அளவு மீறக் கூடாது. மீறினால் வேரோடு சேர்ந்து வாழ்ந்து அதற்குத் துத்தநாகம் கொண்டுவரும் நல்ல பூஞ்சையான வேர் உட்பூசணம் குறையும். பயிர் வேகமாக வளர்வதால், உள்ளே இருக்கும் கொஞ்சத் துத்தநாகமும் நீர்த்துப்போகும். விளைச்சல் கூடும் என்று டிஏபியை அள்ளிப் போடுகிறவர்கள் துத்தநாகக் குறையைத் தாங்களே வரவழைக்கிறார்கள்.

சரியான முறை இது: ஜிங்க் சல்பேட்டை உலர்ந்த மணலோடு கலந்து, கடைசி உழவில் வயல் முழுக்கத் தூவி மண்ணுக்குள் மடக்க வேண்டும். மண்ணில் துத்தநாகம் அதிகம் நகராது. மேலாகத் தூவி விட்டால் அங்கேயே கிடக்கும். டிஏபியை விதைக்கும்போது விதை வரிசையை ஒட்டிக் கொடுங்கள்.

மண் பரிசோதனையில் டிடிபிஏ துத்தநாகம் (பயிர் எடுக்கக்கூடிய துத்தநாகத்தின் அளவு) 0.6 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 0.6 பங்கு) கீழே இருந்தால் நம்பிப் போடலாம். நன்றாகவே மேலே இருந்தால் காசு வீண். சுண்ணாம்பு மண்ணிலும் கார மண்ணிலும் குறை சீக்கிரம் தெரியும். கார அமில நிலை (pH) ஒரு புள்ளி ஏறினால் துத்தநாகத்தின் கரைதிறன் சுமார் 100 மடங்கு குறைந்துவிடுகிறது.

பயிரில் குறை தெரிந்துவிட்டால் தெளிப்புதான் வழி. லிட்டருக்கு 5 கிராம் ஹெப்டாஹைட்ரேட்டோடு, 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிந்த நீரையும் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பை விட்டால் இலை கருகும். இந்தக் கலவையில் மணிச்சத்து உரம் எதையும் சேர்க்கக் கூடாது.

அடையாளம் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தழைச்சத்துக் குறை அடி இலை நுனியில் தொடங்கும், கந்தகக் குறை இளம் இலையை மஞ்சளாக்கும். துத்தநாகக் குறையில் நடு இலைகளின் இடைப்பகுதி வெளிறிப் பழுப்பாகி, இலை அங்கேயே மடிந்து தொங்கும். இதைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டால் நிலைமை மோசமாகும்.

கலப்படமும் உண்டு, மலிவான மெக்னீசியம் சல்பேட்டைச் சேர்ப்பார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கரைசலில் நீர்த்த காஸ்டிக் சோடாவை விட்டால் இரண்டிலும் வெள்ளை வீழ்படிவு வரும். இன்னும் செறிவாக விட்டால் துத்தநாகத்தின் வீழ்படிவு கரையும், மெக்னீசியத்தினுடையது கரையாது. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இதில் கந்தகமும் இருக்கிறதே என்று அதைத் தனியாகப் போடாமல் விட்டுவிடாதீர்கள். 25 கிலோவில் வருவது 2.5 கிலோ சொச்சம்தான்; கோதுமைக்கு அது போதாது.