மூன்றையும் ஃபேஸ்புக் மட்டுமா வீழ்த்தியது?

ஃபிரண்ட்ஸ்டர், மைஸ்பேஸ், ஆர்குட் ஆகிய பழைய சமூக வலைத்தளங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘ஃபேஸ்புக் வந்தது, இவை காலியாகிவிட்டன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றும் 2002-க்கும் 2004-க்கும் இடையில் பிறந்தவை. ஆனால் சரிந்த விதம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான், இன்று நாம் எழுதிக் குவிக்கும் தளங்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரியும்.

முதலில் ஃபிரண்ட்ஸ்டர். ஜோனதன் ஆப்ரம்ஸ் தொடங்கியது. 2003-ல் கூகுள் 3 கோடி டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் விற்கவில்லை. அதுதான் பெரும் பிழை என்பார்கள். விற்காதது பிழையே அல்ல. தளத்தைச் சாகடித்தது மந்தகதி. ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால், அவர் யார் வழியாக உங்களுக்குத் தெரிந்தவர், அந்த இடைப்பட்டவர் யாருக்கு நண்பர் என்று சங்கிலி முழுவதையும் தளம் கணக்கிட்டுக் காட்டும். ஆளுக்கு நூறு நண்பர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கண்ணிக்குப் போவதற்குள் பத்துக் கோடி வழிகள்! கூட்டம் சேரச் சேர சர்வர் திணறியது. ஒரு பக்கம் திறக்க 40 நொடிகூட ஆனது. அந்த ஒரு வசதியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்திருந்தாலே பிழைத்திருக்கும். இயக்குநர் குழுவோ அடுத்து என்ன புதிதாகச் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா பயனர்கள்தான் அதன்பின் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 2009-ல் ஒரு மலேசிய நிறுவனமே வாங்கிக்கொண்டது.

மைஸ்பேஸின் கதை வேறு. அங்கே கெடுத்தது காசு. பின்னணி, எழுத்து, தானாக ஒலிக்கும் பாட்டு என்று தன் பக்கத்தை அவரவர் இஷ்டப்படி அலங்கரிக்கலாம். இசைக்கலைஞர்கள் அதற்காகவே குவிந்தார்கள். 2005-ல் ஊடக அதிபர் முர்டாக்கின் நியூஸ் கார்ப் 58 கோடி டாலருக்கு அதன் தாய் நிறுவனத்தை வாங்கியது. மறு ஆண்டே கூகுளுடன் 90 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம். குறிப்பிட்ட அளவு பார்வைகள் வந்தால்தான் பணம் என்பது நிபந்தனை. அப்புறமென்ன, மூலைக்கு மூலை விளம்பரம். அதே வேளையில் ஃபேஸ்புக் வெள்ளைப் பின்னணியில் சுத்தமாக நின்றது. 2011-ல் மைஸ்பேஸ் கைமாறியபோது விலை சுமார் 3.5 கோடி டாலர்.

கூகுள் நடத்திய ஆர்குட் நம்மவர்களுக்கு நெருக்கமானது. பிரேசிலையும் இந்தியாவையும் போல வேறு எந்த நாடும் அதைக் கொண்டாடவில்லை. நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, அதாவது டெஸ்டிமோனியல், எழுதச் சொல்லி நண்பர்களை நச்சரித்தது, நம் பக்கத்தை யார் எட்டிப் பார்த்தார்கள் என்று காட்டிய பட்டியல், நண்பருக்கு ஐஸ்கட்டியும் இதயமும் மதிப்பெண்ணாகக் கொடுத்தது எல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். அதன் குறையும் கண்ணெதிரே இருந்தது. என் ஸ்கிராப்புக்கில், அதாவது நண்பர்கள் எனக்குக் குறிப்பு எழுதிப்போடும் பக்கத்தில், வந்த கேள்விக்குக் கேட்டவரின் ஸ்கிராப்புக்கில் போய்ப் பதில் எழுத வேண்டும். உரையாடலில் பாதி இங்கே, பாதி அங்கே. ஃபேஸ்புக் 2006 செப்டம்பரிலேயே நண்பர்களின் செய்திகளை ஒரே ஓடையாக முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆர்குட்டைச் செப்பனிட வேண்டிய கூகுள் 2010-ல் கூகுள் பஸ் (Buzz), 2011-ல் கூகுள் பிளஸ் என்று புதிய சமூக வலைத்தளங்களில் முனைந்தது. இரண்டுமே நிலைக்கவில்லை. சொந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டது என்றுதான் சொல்வேன்.

காரணங்களைவிட எனக்கு முக்கியம், கடையை மூடியபோது பயனர்களை எப்படி நடத்தினார்கள் என்பது. இதில் ஆர்குட்டுக்கே முதலிடம். 2014 செப்டம்பர் 30-ல் மூடுவதாக மூன்று மாதம் முன்பே அறிவித்தார்கள். படங்களையும் ஸ்கிராப்புகளையும் பதிவிறக்க 2016 செப்டம்பர் வரை அவகாசம் தந்தார்கள். ஃபிரண்ட்ஸ்டரும் 2011-ல் விளையாட்டுத் தளமாக மாறுமுன், சில வார அவகாசமானாலும், படங்களை எடுத்துக்கொள்ள வழி செய்தது. மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனாலும் அதுதான் மூன்றிலும் மோசம். 2015 வரை பதிவேற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டன என்று 2019-ல் தெரியவந்தது. 5 கோடிக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வேறு பிரதி வைத்திராத சிறு கலைஞர்கள் எத்தனை பேரோ! தளம் உயிரோடுதானே இருக்கிறது என்று நம்பியிருந்த அவர்களுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கெடுவும் வரவில்லை.