உப்பனாற்றில் ராத்தூண்டில்: குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

கடலூர் முதுநகர் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர், முன்கூட்டியே சொல்லி வைத்தால் ராத்திரியில் தூண்டில் போடக் கூட்டிப் போகிறார். போர்டு, ரசீது எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய். என் ஏழு வயது மகளோடு போனேன்.

தேதியை அவர்தான் முடிவு செய்தார். "அமாவாசைக்கு வேணாம்மா, தண்ணி இழுக்கும். அஷ்டமி கிட்ட வாங்க." எனக்கு அப்போதே ஆள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்ற இறக்கம் அதிகம். நரம்பை அடியில் நிறுத்தக் கட்டும் ஈயக் குண்டு ஒரு இடத்தில் நிற்காது. இழுப்பது மீனா தண்ணீரா என்று சின்னக் கைக்குத் தெரியாது.

ராடெல்லாம் இல்லை, கைத்தூண்டில்தான். தங்கூஸ் நரம்பு (நைலான் இழை), சின்னத் தூண்டில் முள், இரைக்கு இறால் துண்டு. மோட்டாரை நிறுத்தி நங்கூரம் போட்டதும், நரம்பை மகளின் ஆள்காட்டி விரல் மேல் சும்மா போட்டுக் கொடுத்தார். சுற்ற விடவில்லை, சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது விரலை அறுத்துவிடும். "டொக்குனு ஒண்ணு வரும், அப்ப இழுக்காத பாப்பா. ரெண்டாவது தடவ இழுப்பான், அப்ப சுண்டு."

முதலில் வந்தது கீச்சான். மேலே தூக்கியதும் அது கத்த, "தாத்தா, இது பேசுது!" என்று இவள் அதைவிடப் பெரிதாகக் கத்த, பக்கத்துப் படகிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு கிழங்கான், ஒரு கெளுத்தி. கெளுத்தி வந்தவுடன் குழந்தையைத் தள்ளி உட்காரச் சொன்னார். துணியால் அமுக்கி, முதுகு முள்ளையும் பக்கத்து முள் இரண்டையும் குறடால் ஒடித்த பிறகுதான் காட்டினார். அந்த முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் வலி குறையும். ஃபிளாஸ்க்கில் நீங்களே எடுத்துப் போங்கள், படகில் இருக்காது.

பெரிய குறை லைஃப் ஜாக்கெட். இருப்பதெல்லாம் பெரியவர்கள் அளவு. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். கேட்டதற்கு "இடுப்பளவு தண்ணிதாம்மா" என்றார். இருட்டில் இடுப்பளவும் ஆழம்தான். குழந்தையின் எடைக்கு ஏற்றதாக, தொடைக்கு நடுவே வார் மாட்டுகிற ஜாக்கெட் நல்லவேளை எங்களிடம் இருந்தது. அது இல்லாமல் ஏற்றாதீர்கள்.

மீனைச் சாப்பிடலாமா என்றால், சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள் இதே ஆற்றை ஒட்டித்தான் இருக்கின்றன. படகை முகத்துவாரம் பக்கம்தான் நிறுத்தினார், ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருந்த இரண்டையும் திரும்ப விட்டோம். மகளுக்கு அதில் இன்னும் கோபம். கெளுத்தியை மட்டும், "இதத் தின்னுதாம்மா வளந்தேன்" என்று அவர் எடுத்துக்கொண்டார்.

முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு பிய்த்து எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றில் வெள்ளம் வரும், அப்போது கேட்கவே கேட்காதீர்கள். ஜிபே இல்லை, காசு கையில் வேண்டும்.