மாப்பசானின் இரண்டு நகைகள்

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் எழுதிய சிறுகதைகள் 'நகைகள்' (1883), 'நெக்லஸ்' (1884). இரண்டிலும் கணவன் பாரிஸில் ஓர் அமைச்சக குமாஸ்தா. மனைவியின் நகைதான் குறியீடு. ஆனால் போகும் திசை நேரெதிர்.

'நெக்லஸ்' பலருக்கும் தெரிந்த கதை. இரவல் வாங்கிய வைர மாலையை மத்தில்டு தொலைக்கிறாள். 36,000 ஃபிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, தம்பதியர் பத்து வருடம் கடனில் உழல்கிறார்கள். தொலைந்தது மிஞ்சிப்போனால் 500 ஃபிராங்க் பெறும் போலி. இங்கே நகை அந்தஸ்து ஆசையின் அடையாளம். திருமணம் உடையவில்லை, கணவன் லுவாசல் முணுமுணுக்காமல் கூடவே உழைக்கிறான். (அவனைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.)

'நகைகள்' இதைத் தலைகீழாக்குகிறது. லான்தேனின் மனைவிக்கு நாடகமும் கவரிங் நகையும் என்றால் உயிர். அவள் இறந்தபின், வறுமையில் ஒரு மாலையை விற்கப் போகிறான். கடைக்காரர் 18,000 தருகிறார். அத்தனையும் அசல்! சம்பளத்தில் வாங்க முடியாத வைரங்களைக் கொடுத்தது யார்? கதை சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. கல் அசலானதும் கற்பு போலியாகிவிடுகிறது.

எனக்கு 'நகைகள்'தான் கூர்மை. 'நெக்லஸ்' கடைசி வரியின் அதிர்ச்சியை நம்பி நிற்கிறது. 'நகைகள்' அதிர்ச்சிக்குப் பிறகும் நடக்கிறது: அழுத லான்தேன் மொத்தத்தையும் 1,96,000க்கு விற்று, வேலையை விட்டு, ஆறு மாதத்தில் மறுமணம் செய்கிறான். புது மனைவி உத்தமி. அவளிடம் அவன் படாத பாடு படுகிறான்.